சுவரைப் பார்த்து நிற்கும் பீரங்கி

கொலை இல்லை, கொள்ளை இல்லை, காணாமல் போனவர் என்றும் யாரும் இல்லை. இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருக்கிறது என்பதுதான் புகார். இப்படி ஒரு வழக்கை அத்தான் எதற்குக் கையில் எடுத்தார் என்று மச்சினனுக்கு விளங்கவில்லை.

"திருட்டுன்னா ஏதாவது குறையணும் அத்தான். இங்க கூடியிருக்குன்னு சொல்றாங்க. ஆளைப் பிடிச்சு என்ன பண்ணப் போறோம்? குடுத்ததைத் திருப்பி எடுத்துக்கோன்னு சொல்லப் போறோமா?"

துப்பறிவாளர் லிஃப்ட் கதவின் பளபளப்பில் முகம் பார்த்துச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். இடது கையில் வழக்கம்போல் அந்தக் கறுப்புக் குடை. வெயில், மழை எதுவானாலும் அது அவரை விட்டுப் பிரிந்ததில்லை. விரிந்ததும் இல்லை. தன் அக்காவை அவர் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து மச்சினன் அதைப் பார்த்து வருகிறான். வங்கி வேலை போய், அவரிடமே உதவியாளனாக ஒட்டிக்கொண்ட பிறகு, வழக்கோடு வருகிறவர்கள் அவனிடம் ரகசியமாகக் கேட்பதுண்டு. "அது அவங்க அப்பாவோட குடை. அதுக்கு மேல கேக்காதீங்க" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வான். யாரும் அவனிடம் சொன்னதல்ல. அவனாகவே முடிவுகட்டியது.

லிஃப்ட் திறந்தது. கம்ப்யூட்டர் விளையாட்டுகள் தயாரிக்கும் அலுவலகம். உள்ளே எல்லோரும் கம்ப்யூட்டரில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். எவர் முகத்திலும் மகிழ்ச்சி இல்லை.

முதலாளியின் அறை கண்ணாடியால் ஆனது. மேஜையில் ஒரு விண்கப்பல் பொம்மை, அதன் நிழலில் வயிற்றெரிச்சல் மாத்திரைப் பட்டை. ஜன்னலோரம் கையைக் கட்டிக்கொண்டு ஒரு நெட்டை ஆள் நின்றிருந்தார். தலைமைப் புரோகிராமர் என்று முதலாளி அறிமுகம் செய்தபோது அவர் தலையை அசைத்ததாக மச்சினன் பிற்பாடு சத்தியம் செய்தான். துப்பறிவாளர் அதை நம்பவில்லை.

"நீங்கதான் விண்கப்பலோட கேப்டன்," என்று தொடங்கினார் முதலாளி. "கூட நாலு பேர் வர்றாங்க. டாக்டர், ஓட்டுநர், மெக்கானிக், அப்புறம் பீரங்கின்னு ஒரு சிப்பாய். ஒவ்வொருத்தர் அறையிலயும் சுவர்ல ஒரு சின்னத் திரை இருக்கும். தொட்டா அவங்க ஃபைல் திறக்கும். எங்க பொறந்தாங்க, எதுக்குக் கப்பலுக்கு வந்தாங்க, அந்த மாதிரி. படிச்சே ஆகணும்னு இல்ல. படிக்காமலே ஆட்டத்தை முடிச்சுடலாம்."

"அப்ப எதுக்கு வெச்சிருக்கீங்க?" என்றான் மச்சினன்.

"அதைத்தான் நானும் ஒவ்வொரு கூட்டத்துலயும் கேக்கறேன்," என்றார் ஜன்னலோரத்து நெட்டையர். "தேவையில்லாத சுமை. ஒருத்தரும் படிக்கிறதில்ல."

"படிக்கிறாங்க. அதுதான் சிக்கல்," என்றார் முதலாளி. "ஆட்டத்தைச் சோதிச்சுப் பாக்க வெளியாளுங்களைக் கூட்டிட்டு வருவோம். போன வாரம் ஒரு பொண்ணு ஆடி முடிச்சுட்டு, கண்ணெல்லாம் செவந்துபோய் வந்து என்கிட்ட கேக்கறா, பீரங்கியோட அம்மா கடைசியில தட்டினாளான்னு. சார், பீரங்கிக்கு அம்மா இருக்கிற விஷயமே எனக்குத் தெரியாது. அவனை உண்டாக்கச் சம்பளம் குடுத்தவன் நான்."

தேடிப் பார்த்தால், யாரும் கேட்காத, யாரும் ஒப்புக்கொள்ளாத புதுப் பக்கங்கள் ஃபைல்களுக்குள் முளைத்திருந்தன. ஃபைல் எழுதுவதற்கென்றே அலுவலகத்தில் ஓர் அம்மாள் இருக்கிறார். எல்லோரும் ஃபைலம்மா என்று கூப்பிடுவார்கள். தான் எழுதவில்லை என்று அவர் ஒரே பிடியாக நிற்கிறார்.

"வேற யார் எழுதுவா? அவங்க பேர்லதான் இருக்கு," என்றார் புரோகிராமர்.

"எந்தக் கம்ப்யூட்டர்லேர்ந்து போட்டிருக்காங்க?" துப்பறிவாளர் முதன்முறையாக வாயைத் திறந்தார்.

"டெஸ்டிங் அறையில பொதுக் கம்ப்யூட்டர் ஒண்ணு இருக்கு. பாஸ்வேர்டு எல்லாருக்கும் தெரியும்," என்றார் புரோகிராமர்.

"எப்படித் தெரியும்?"

"சுவத்துல ஒட்டியிருக்கு."

அத்துடன் அந்தக் கம்ப்யூட்டரின் மேல் துப்பறிவாளருக்கு இருந்த ஆர்வம் வடிந்துவிட்டது.

"சாயங்காலம் கூட்டம்," என்றார் முதலாளி, மாத்திரை ஒன்றைப் பிதுக்கியபடி. "அதுக்குள்ள வேற ஆள் தெரியலைன்னா அந்தம்மாவை அனுப்பிடறேன். ஃபைல் மொத்தத்தையும் எடுத்துடறோம். கேக்காம உள்ள எதையாவது சொருகறவங்களை வெச்சுக்கிட்டு நான் எப்படி ஆட்டத்தை விக்க முடியும்?"

இந்தத் தொழிலில் அப்படி ஒரு பேரோடு வெளியே போகிறவரை வேறு எவரும் வாசல் மிதிக்க விடமாட்டார்கள். முதலாளி அதைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

ஃபைலம்மாவின் மேஜை ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்தது. யாராவது நகல் எடுத்தால் அவருடைய திரை நடுங்கும். ஐம்பதை நெருங்கும் வயது. மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதையே மேஜையில் தேடிக்கொண்டிருந்தார். காலடியில் ஓர் அட்டைப்பெட்டி. பாதிச் சாமான் அதற்குள் போயிருந்தது.

"நான் எழுதல. எழுதியிருந்தா நெஞ்சை நிமித்திக்கிட்டுச் சொல்லியிருப்பேன்," என்றார். "எனக்கு இப்படி எழுத வராது. அதுதான் வயித்தெரிச்சல். என் பீரங்கி மூணு போர்ல ஜெயிச்சவன், பதக்கம் வாங்கினவன். ஒரு நாய் சீண்டல. இதைப் படிங்க."

திரையில் இப்படி இருந்தது:

'அவன் வளர்ந்தது ஜன்னல் இல்லாத சரக்குக் கப்பலில். அம்மாவுக்கு அடுத்த அறையில் வேலை. நடுவே இரும்புச் சுவர். அவள் விரல் முட்டியால் தட்டினால், தூங்கு என்று அர்த்தம். இப்போதும் வேலை முடிந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்பான். கேட்டால், சும்மா என்பான்.'

மச்சினன் மூக்கை உறிஞ்சினான். ஏசி குளிர் என்றான்.

துப்பறிவாளர் அடுத்ததைத் தட்டினார். பீரங்கி இடது கையுறையைச் சாப்பிடும்போதும் கழற்றுவதில்லை. உள்ளே தங்கையின் பால்பல் ஒன்று இருப்பதாக மெக்கானிக் சொல்கிறாள். அப்படி ஒன்றும் இல்லை என்கிறாள் டாக்டர். டாக்டருக்கும் ஒரு புதுப் பக்கம் இருந்தது. எதைக் கேட்டாலும் பதில் சொல்லும் முன் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்ப்பாளாம். அவள் படித்த இடத்தில் கேள்விகள் எல்லாம் முதுகுக்குப் பின்னாலிருந்துதான் வருமாம்.

"நீங்க எழுதினது எல்லாம் சாதனையில ஆரம்பிக்குது," என்றார் துப்பறிவாளர். "இது எல்லாம் ஒரு கோணல்ல ஆரம்பிக்குது."

"எங்க அக்கா எனக்கு ஃபைல் எழுதினா கோணல்ல ஆரம்பிச்சு கோணல்லயே முடிஞ்சுடும்," என்றான் மச்சினன். "நடுவுல பதக்கத்துக்கு இடமே இருக்காது."

ஃபைலம்மா சிரிக்கவில்லை. அவர் பார்வை குடையின் மேல் இருந்தது. துப்பறிவாளர் ஜெராக்ஸ் மெஷின் பக்கம் நகர்ந்ததும் மச்சினனிடம் கண்ணாலேயே கேட்டார். மச்சினன் குனிந்து, தன் வழக்கமான வாக்கியத்தைச் சொன்னான். அந்த அம்மாள் எழுந்து, தன் நாற்காலியைத் துடைத்து, துப்பறிவாளர் உட்காருவதற்காக இழுத்துப் போட்டார். இவ்வளவு நேரம் அவரை நிற்க வைத்ததற்காக வருத்தப்பட்டவர் போலிருந்தது.

டெஸ்டிங் அறையில் பழைய சாக்ஸ் வாசனை. பாஸ்வேர்டு உண்மையிலேயே சுவரில் ஒட்டியிருந்தது, அழகான கையெழுத்தில். கழுத்தில் ஹெட்போனை மாலையாகப் போட்டுக்கொண்டு டெஸ்டர் உட்கார்ந்திருந்தான். ஆட்டத்தில் எங்கெல்லாம் தப்பு என்று நாள் முழுக்க ஆடிக் கண்டுபிடித்து எழுதிக் கொடுப்பது அவன் வேலை. ஆகவே அலுவலகத்தில் அவனுடன் சேர்ந்து யாரும் சாப்பிடுவதில்லை.

"பீரங்கி சுவரைப் பாத்து நிப்பானாமே, காட்டு தம்பி," என்றார் துப்பறிவாளர்.

கப்பலுக்குள் சண்டை முடிந்து நால்வரும் திரும்பினார்கள். மற்றவர்கள் நாற்காலிகளில் உட்கார, பீரங்கி மட்டும் நேராக நடந்து போய், சுவருக்கு ஒரு சாண் தள்ளி, அதைப் பார்த்தபடி நின்றான். அகலமான முதுகு. அசைவே இல்லை.

"பாவம்," என்றான் மச்சினன்.

"என்ன பாவம்? அது தப்பு," என்றான் டெஸ்டர். "அவனும் நாற்காலியில உக்காரணும். வழி கண்டுபிடிக்கத் தெரியாம போய் முட்டிக்கிட்டு நிக்கறான். நான் ஆரம்பத்துலயே எழுதிக் குடுத்துட்டேன். இப்ப நேரமில்ல, அப்புறம் பாக்கலாம்னு பதில் வந்துது."

துப்பறிவாளரின் புருவம் உயர்ந்தது. "கையுறை?"

"இடது கையில விரலே செய்யல சார். அதனால உறை."

"டாக்டர் திரும்பிப் பாக்கறது?"

"கழுத்து மாட்டிக்குது. அதுவும் தப்புதான். இந்தக் கூத்தைக் கேளுங்க. அந்தப் பக்கங்கள் வந்ததுக்கப்புறம், ஆட வர்றவங்க யாரும் இதைத் தப்புன்னு சொல்றதே இல்ல. பீரங்கியைச் சரிபண்ணப் போறோம்னு ஒருத்தர்கிட்ட சொன்னேன். உனக்கு அம்மா இல்லையான்னு கேட்டுட்டுப் போயிட்டாரு."

மச்சினன் துப்பறிவாளரின் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தான். "அத்தான், கேஸ் முடிஞ்சுது. ஒவ்வொரு பக்கமும் ஒரு தப்புக்குப் போட்ட போர்வை. தப்பு அத்தனையும் தெரிஞ்ச ஆள் இங்க ஒருத்தன்தான். கம்ப்யூட்டரும் இவன் அறையிலதான் இருக்கு. அள்ளிட்டுப் போலாமா?"

அறை சின்னது. டெஸ்டர் காதில் விழுந்துவிட்டது. "அண்ணே, தப்பைக் காட்டினாத்தான் எனக்குச் சோறு. நானே எதுக்குப் போர்த்தப் போறேன்?"

"மனச்சாட்சி உறுத்தியிருக்கலாம்."

"சாப்பிடக்கூட ஆள் சேராத எனக்கு மனச்சாட்சி எங்க மிச்சம் இருக்கு?"

"கடைசியா முளைச்ச பக்கம் எது?" என்று குறுக்கிட்டார் துப்பறிவாளர்.

டெஸ்டர் திறந்தான். பீரங்கியின் ஃபைலில், இன்னும் யார் கண்ணிலும் அதிகம் படாத ஒன்று: 'மழை பெய்யும் கிரகத்தில் அவன் கப்பலை விட்டு இறங்குவதில்லை. கடைசிப் படியில் நின்று கையை மட்டும் வெளியே நீட்டுவான். தன் வாழ்க்கை முழுவதும் உலர்ந்த உலோகத்தின் மேல் கழிந்த துயரம் அந்தக் கையில் இருந்தது.'

"அந்த மழைக் கிரகத்தைக் கொஞ்சம் ஆடிக் காட்டு."

"அது இன்னும் எங்க கைக்கே வரல சார். செஞ்சுட்டு இருக்காங்க."

துப்பறிவாளர் குடையைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டார். ஏதோ பிடிபட்டுவிட்டால் அப்படிச் செய்வது அவர் வழக்கம். "மாப்ளே, நீ போய் அந்தம்மாவைக் கூட்டத்துக்குக் கூட்டிட்டு வா. பெட்டியைத் தூக்க விடாதே."

வாசலில் திரும்பிப் பார்த்தபோது, அத்தான் டெஸ்டரின் காதருகே குனிந்து ஏதோ கேட்பதும், டெஸ்டர் ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பதில் சொல்வதும் மச்சினனுக்குத் தெரிந்தது. தன்னை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்கிற கேள்விதான் எப்போதும் முக்கியமான கேள்வியாக இருக்கும் என்ற பழைய மனக்குறையோடு அவன் நடந்தான்.

கூட்ட அறையின் பெரிய திரையில் பீரங்கியின் முதுகு தெரிந்தது. துப்பறிவாளர் கேட்டு வாங்கிய ஏற்பாடு. ஃபைலம்மா கதவருகே உட்கார்ந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டுதான் வந்திருந்தார், மச்சினன் சொல்லியும் கேட்கவில்லை. தலைமைப் புரோகிராமர் லேப்டாப்பைத் திறந்து, ஃபைல்களை மொத்தமாக நீக்கத் தயாராக இருந்தார்.

"ஆள் கிடைச்சுதா?" என்றார் முதலாளி.

"கிடைக்கும். அதுக்கு முன்னாடி ஒரு சின்ன உதவி." துப்பறிவாளர் புரோகிராமர் பக்கம் திரும்பினார். "இந்தப் பீரங்கி சுவரைப் பாத்து நிக்கறது தப்பாமே. சரிசெய்யறது பெரிய வேலையா?"

"இல்ல. ஒரு வரி மாத்தினா போதும்."

"தப்பா?" முதலாளியின் கை மாத்திரைப் பட்டையைத் தேடியது. "என் ஆட்டத்துல தப்பே கிடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஒரு வரின்னா இப்பவே பண்ணிடலாமே," என்றார் துப்பறிவாளர். "எல்லாரும் பாப்போம்."

புரோகிராமர் தோளைக் குலுக்கினார். விரல்கள் விசைப்பலகையில் ஓடின. வரி மாறியது. கடைசியாக ஒரே ஒரு பொத்தான் பாக்கி. அதன் மேல் போய் அவர் சுண்டுவிரல் நின்றது.

நின்றதுதான். வெளியே ஜெராக்ஸ் மெஷின் ஓடி ஓய்ந்தது. திரையில் பீரங்கி அசையவில்லை. புரோகிராமரும் அசையவில்லை. இருவரில் யார் யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டது என்று மச்சினனுக்குச் சந்தேகம் வந்தது.

"அழுத்துங்க சார்," என்றான் டெஸ்டர். எவ்வளவு காலம் காத்திருந்தவன்.

"அழுத்தினா இவன் எங்க போவான்?"

"நாற்காலிக்கு."

"நாற்காலியில உக்காந்துக்கிட்டு?" புரோகிராமர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவளுக்குப் பதிலா யாராவது தட்டினாக்கூட அங்கேர்ந்து காதுல விழாது."

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவருக்கு உறைத்தது. முகத்தில் ஈயாடவில்லை.

துப்பறிவாளர் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "யாருமே படிக்கிறதில்லன்னு காலையில சொன்னவர் வரி வரியா மனப்பாடமா வெச்சிருக்காரு. தப்பு கண்டுபிடிக்கறவர் மேல என் மச்சினனுக்குச் சந்தேகம். ஆனா மழைக் கிரகத்துல பீரங்கி படியிறங்க மாட்டான்னு ஒரு பக்கம் வந்திருக்கு. அந்தக் கிரகம் டெஸ்டர் கைக்கு இன்னும் போகவே இல்ல. தப்பை ஒருத்தரும் கண்டுபிடிக்காதப்பவே அதுக்குச் சமாதானம் எழுதி வெச்சாச்சு. அப்படின்னா எழுதினது தப்பைச் செஞ்சவரா இருக்கணும். மழைக் கிரகத்தை யார் செய்யறாங்கன்னு டெஸ்டரைக் கேட்டேன்."

"இவரேதான். யாரையும் கிட்டவே விடமாட்டாரு," என்றான் டெஸ்டர்.

புரோகிராமர் லேப்டாப்பைப் பாதி மூடினார். "முதல் தடவை நேரமில்லாமத்தான் எழுதினேன். யாரும் படிக்காத இடம், ஒளிச்சு வைக்க அதைவிடப் பத்திரமான இடம் ஆபீஸ்லயே இல்லன்னு நினைச்சேன். ரெண்டாவது தடவை..." நிறுத்தினார். "ரெண்டாவது தடவை நேரம் இருந்துது. இருந்தும் எழுதினேன். அப்புறம் பாத்தா எல்லாரும் படிக்க ஆரம்பிச்சுட்டாங்க. வெளியில தெரிஞ்சா என் மானம் போயிடும். மொத்தமா எடுத்துட்டா தடயம் இருக்காதுன்னு..."

"என்னையும் சேத்து," என்றார் ஃபைலம்மா.

அவர் பெட்டியைத் தரையில் இறக்கி வைத்தார்.

"என் பேரைப் போட்டு எழுதினீங்க. அது போகட்டும். போன வாரம் இதே அறையில விசாரிச்சாங்க. நான் எழுதலன்னு சொன்னப்ப, பக்கத்துல நின்னுக்கிட்டு வேற யாருன்னு கேட்டீங்க."

புரோகிராமர் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய நீளமான கழுத்து அதற்குப் பழக்கப்படாதது. பார்க்கச் சங்கடமாக இருந்தது.

முதலாளியின் சிந்தனையோ வேறு திசையில் ஓடிக்கொண்டிருந்தது. "இருங்க. பீரங்கிகிட்ட தப்பு, பீரங்கியைப் பிடிக்குது. டாக்டர்கிட்ட தப்பு, டாக்டரைப் பிடிக்குது. ஓட்டுநர்கிட்ட என்ன தப்பு?"

"அவர் சரியாத்தான் இருக்காரு சார்," என்றான் டெஸ்டர்.

"அப்ப அவரை யாருக்கும் பிடிக்காதே," என்றார் முதலாளி கவலையோடு. பிறகு ஃபைலம்மாவைப் பார்த்தார். "அம்மா, நான் அவசரப்பட்டுட்டேன். நீங்க போக வேண்டாம். ஃபைலும் இருக்கட்டும். இவரை என்ன பண்ணலாம், நீங்களே சொல்லுங்க."

அனுப்பிவிடுங்கள் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொன்னால் தப்பில்லை என்றுதான் மச்சினனுக்கும் பட்டது. ஃபைலம்மா கண்ணாடியைத் தேடினார். தலைமேல் இருக்கிறது என்று மச்சினன் சைகை காட்டினான். அதை இறக்கி மாட்டிக்கொண்டு, அட்டைப்பெட்டிக்குள் கையை விட்டு ஒரு பென்சிலை எடுத்தார்.

"என் தப்பு இதுதான், இதைச் சரிபண்ண முடியலன்னு முதல்ல இவர் டெஸ்டர்கிட்ட எழுதிக் குடுக்கட்டும். அப்புறம் எழுதற ஒவ்வொரு பக்கமும் என் மேஜைக்கு வரணும். இப்ப அந்த மழைப் பக்கத்தைத் திறங்க."

திறந்தார்.

"கையை மட்டும் வெளியே நீட்டுவான். அதோட முடிஞ்சுது. துயரம்னு ஒரு வரி இருக்கே, அதை எடுங்க."

"அந்த வரிதான் அதுல..." வாழ்நாளில் தன் வேலையில் ஒரு குறையை ஒத்துக்கொள்ளாத மனிதர் முதல்முறையாகக் கெஞ்சினார்.

"எழுதறவங்க எல்லாருக்கும் அந்த வரியைத்தான் பிடிக்கும். எடுங்க."

அதே சுண்டுவிரல். அதே பொத்தான்களின் வரிசை. இந்தத் தடவை அழுத்தியது. பெரிய திரையில் பீரங்கி சுவரைப் பார்த்தபடியே நின்றான்; அவனை யாரும் தொடவில்லை.

அவர்கள் கீழே இறங்கியபோது தெருவில் மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு செருப்புக்கடையின் தகரக் கூரைக்குக் கீழே ஒதுங்கினார்கள். பின்னாலேயே ஓடிவந்த ஃபைலம்மா, தன் பூப்போட்ட குடையைத் துப்பறிவாளர் கையில் திணித்தார்.

"நீங்க அதை விரிக்க வேண்டாம் சார். எனக்குத் தெரியும். இதை வெச்சுக்குங்க." பதிலுக்குக் காத்திராமல், தலையில் பையைக் கவிழ்த்துக்கொண்டு திரும்பி ஓடினார்.

"அவங்களுக்கு என்ன தெரியும்?" என்றார் துப்பறிவாளர்.

மச்சினன் மென்று விழுங்கினான். இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டுவிட இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. "அத்தான், இந்தக் கறுப்புக் குடை... உங்க அப்பாவோடதுதானே?"

"எங்கப்பாவா? அவர் ரெயின்கோட் ஆளு. இதுல ஸ்பிரிங் போயிடுச்சு மாப்ளே. வாங்கின அன்னிக்கே விரியல. கடைக்காரன் திருப்பி வாங்க மாட்டேன்னுட்டான்."

"அப்புறம் எதுக்குத் தூக்கிக்கிட்டு அலையறீங்க?"

"என்னிக்காவது அந்தக் கடைப்பக்கம் போனா அவனைச் சும்மா விடக்கூடாதுன்னுதான்."

துப்பறிவாளர் பூப்போட்ட குடையை விரித்துக்கொண்டு, ஆட்டோ கிடைக்குமா என்று பார்க்கத் தெருவில் இறங்கினார். கறுப்புக் குடை மடங்கியபடியே அவர் கக்கத்தில் இருந்தது. கூரைக்கடியில் ஒதுங்கியிருந்த ஒரு பெரியவர், இரண்டு குடை வைத்திருக்கும் அந்த மனிதரையும் கூரை ஓரத்துச் சாரலில் நனைந்துகொண்டிருக்கும் மச்சினனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏன் தம்பி, அந்தக் கறுப்பை உங்ககிட்ட குடுக்கலாமே?"

மச்சினன் ஒரு கணம் யோசித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"அது அவங்க அப்பாவோட குடை. அதுக்கு மேல கேக்காதீங்க."